கோப்பைப் பாலும் அரை மணித்தியாலமும்

அக்காவுக்குப் பிள்ளை பிறந்த செய்தி போனதும் சொந்தக்காரர் முதல் கேட்டது, பிள்ளை எத்தனை கிலோ என்றில்லை. "கிரகணத்தண்டு வெளியில போனவளோ? மரக்கறி வெட்டினவளோ?" என்றுதான் கேட்டார்கள். பிள்ளைக்கு மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. மாமி ஒன்றும் சொல்லாமல் அழுதா. அம்மம்மா பிள்ளையின் முகத்தைத் துவாயால் மூடிவிட்டா. ஊரில் இதற்குக் 'கொறுவாய்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்குள் எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிரகணத்தின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கருவில் உதடு உருவாவது ஏறக்குறைய நாலாம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில். அண்ணம் ஆறாம் கிழமைக்கும் ஒன்பதாம் கிழமைக்கும் இடையில். இரண்டு பக்கத்தாலும் வளர்ந்து வருகிற தசை நடுவில் வந்து சேராவிட்டால் பிளவு. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரியவரும்போதே இந்த வேலை பாதி முடிந்துவிடும். உலகளவில் ஏறத்தாழ 700 பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி வருகிறது. மரபணுவும் சூழலும் சேர்ந்த காரணங்கள். புகைத்தலும் வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் ஆபத்தைக் கூட்டும் (அதற்காக டொக்டரைக் கேளாமல் மருந்தை நிறுத்தக் கூடாது). பெரும்பாலான பிள்ளைகளில் 'இதுதான் காரணம்' என்று விரல் நீட்ட ஒன்றும் இருக்காது. விரல் நீட்டுவதற்குத் தாய் மட்டும் கிடைத்துவிடுகிறாள்.

ஆனால் அந்த முதல் பத்து நாளில் எங்களைப் பயமுறுத்தியது பிளவில்லை, பசி.

அண்ணம் மூடியிருந்தால்தான் பிள்ளையால் வாய்க்குள் காற்றை இழுத்து உறிஞ்ச முடியும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் இளநீர் குடித்துப் பாருங்கள், விளங்கும். உதடு மட்டும் பிளந்த பிள்ளைகள் பல நேரம் தாயிடமே குடித்துவிடுவார்கள். அண்ணமும் பிளந்தால் பிள்ளை வாயை அசைக்கும், கஷ்டப்படும், வேர்க்கும், களைத்து நித்திரையாகிவிடும். பார்ப்பவர்களுக்கு 'பால் குடிச்சிட்டுப் படுத்திட்டான்' என்று தோன்றும். வயிற்றுக்குள் ஒன்றும் போயிருக்காது. போன கொஞ்சமும் மூக்கால் வரும்.

பிறந்த ஆஸ்பத்திரியில் வாட்டில் ஒருவர் "போகப் போகப் பழகீடுவான்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். கையில் தந்த துண்டுப்பிரசுரம் சிங்களத்தில் இருந்தது. அத்தான் அதை ஃபோனில் படமெடுத்து வேலையிடத்துச் சிநேகிதன் ஒருவருக்கு அனுப்பினார். அவர் வாசித்துச் சொன்னது சாதாரணத் தாய்ப்பாலூட்டல் பற்றிய அறிவுரை.

பிள்ளை பிறக்கேக்க 2.8 கிலோ. ஒன்பதாம் நாள் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து தராசில் போட்டா. 2.45. பிறந்த பிள்ளைகள் முதல் நாட்களில் கொஞ்சம் நிறை குறைவது வழமை. பத்து வீதத்தைத் தாண்டினால் வழமையில்லை. இது பன்னிரண்டரை வீதம். மிஸ் கிளினிக் கொப்பியின் நீல வரைபடத்தில் புள்ளியைப் போட்டுவிட்டு, "இண்டைக்கே வெளிக்கிடுங்கோ" என்று மட்டும் சொன்னா. எங்கள் நாட்டில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் தொடர்ச்சிதான் ஸ்கூட்டியில் வருகிற இந்த மிஸ். அண்டைக்கு அந்தத் தராசு வீட்டு வாசலுக்கு வராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்க விரும்புவதில்லை.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் ஒரு தாதி இருந்தா. ஐம்பது வயது வரும். அவ முதலில் பிள்ளையைத் தூக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, "தங்கச்சி, இதில உங்கட பிழை ஒண்டுமில்லை. இப்ப பால் குடுக்கப் பழகுவம்" என்றா. பிறகு அரை மணித்தியாலம் படிப்பித்தா. நானும் பக்கத்தில் நின்று பழகினேன். அவ சொன்னதை இங்கே எழுதுவதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

பிள்ளையைப் படுக்க வைத்துப் பால் கொடுக்கக் கூடாது. தலையையும் கழுத்தையும் தாங்கி, இருத்துகிற மாதிரி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் பால் மூக்குக்குப் போவதும் புரைக்கேறுவதும் குறையும். தாய்ப்பாலைக் கையால் பிழிந்து எடுத்து, கொதிக்க வைத்த சிறிய கோப்பையாலோ கரண்டியாலோ கொடுக்கலாம். கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் மெதுவாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சரிக்க வேண்டும். ஊற்றக் கூடாது. பிள்ளை தானே எடுக்கட்டும், விழுங்கட்டும், பிறகு அடுத்தது. அமுக்கினால் பால் வரும் மெல்லிய போத்தல்களும் இருக்கின்றன. தன் மகளால் உறிஞ்ச முடியாமல் போனதால் மேன்டி ஹேபர்மன் என்ற பிரித்தானியத் தாய் இப்படியான பிள்ளைகளுக்கென்றே ஒரு போத்தலை வடிவமைத்தார். அது கிடைக்காத இடத்தில் கோப்பை போதும் என்றா தாதி.

"நேரத்தைப் பாருங்கோ" என்றது அடுத்தது. ஒருமுறை பாலூட்ட ஏறக்குறைய அரை மணித்தியாலம். அதற்கு மேல் இழுத்தால் குடிக்கிற பாலை விடக் குடிக்கச் செலவாகிற சக்தி கூடிவிடும். இந்தப் பிள்ளைகள் காற்றையும் சேர்த்து விழுங்குவதால் இடையிடையே நிறுத்தி ஏவறை விட வைக்க வேண்டும். முடிவில் கொதித்தாறிய தண்ணீர் ஒரு கரண்டி கொடுத்தால் பிளவுக்குள் பால் தங்காது.

பிறகு ஒரு கடதாசியில் கணக்குப் போட்டா. ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 150 மில்லிலீற்றர். இரண்டரைக் கிலோவுக்கு 375. எட்டுத் தரம் பிரித்தால் ஒரு தரத்துக்கு 47 போல. அக்கா கல்யாணத்துக்கு முதல் கணக்குப் படிப்பித்தவள். பத்து நாளாக அழுதுகொண்டிருந்தவள் அந்தக் கடதாசியைக் கண்டதும் நிமிர்ந்து இருந்தாள். அவளுக்குப் பிடிகொடுக்கிற மாதிரி ஏதோ ஒன்று கிடைத்தது. இருபத்தோராம் நாள் பிள்ளை திரும்பவும் 2.8.

நிறை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் அப்போதுதான் விளங்கியது. உதட்டுச் சத்திரசிகிச்சைக்கு ஒரு பழைய பத்து விதி இருக்கிறது: பத்துக் கிழமை வயது, பத்து இறாத்தல் நிறை (ஏறக்குறைய நாலரைக் கிலோ), ஹீமோகுளோபின் பத்து. பால் போகாவிட்டால் நிறை ஏறாது, நிறை ஏறாவிட்டால் மயக்க மருந்து கொடுக்கத் தயங்குவார்கள், திகதி தள்ளித் தள்ளிப் போகும். அண்ணத்தை ஒரு வயதளவில் மூடாமல் பிந்தினால் பேச்சு பாதிக்கும். காதுக்குள் நீர் தேங்குவதும் இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம், அதனால் கேட்டலையும் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைக்கு உதடு நாலரை மாதத்தில், அண்ணம் பதினோராம் மாதத்தில். கத்தி பிடித்தவர்களுக்கு நன்றி. ஆனால் அந்த மேசை வரைக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு தாதியின் அரை மணித்தியாலம்.

பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தபோது இன்னொன்று தெரிந்தது. 1980களில் மைக்கல் மார்ஸ் என்ற பிரித்தானியப் பல்சீரமைப்பு நிபுணர் இலங்கைக்கு வந்து, சத்திரசிகிச்சையே செய்யாமல் வளர்ந்துவிட்ட பிளவுள்ளவர்களை ஆராய்ந்தார். 1990இல் வெளியான கட்டுரை, அவர்களின் மேல்தாடை ஏறத்தாழ வழமைபோல வளர முடிந்திருக்கிறது என்று காட்டியது. உலகமெங்கும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் படிக்கிற விசயம் அது. வாசிக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உலகம் எங்கட ஆக்களின் முகங்களில் இருந்து இவ்வளவு படித்திருக்கிறது. எங்கட தாய்மாருக்குக் கோப்பையால் பால் கொடுக்கத் தமிழில் ஒரு பக்கம் கையில் கிடைப்பதில்லை.

பெரிய காசு கேட்கிற விசயங்களில்லை இவை. பிறந்த எல்லாப் பிள்ளைகளின் அண்ணத்தையும் டோர்ச் வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பது. உதடு நல்லாயிருந்து அண்ணம் மட்டும் பிளந்த பிள்ளைகளை விரலால் தடவினால் மட்டும் தவறவிட்டுவிடலாம். தாய் வீட்டுக்குப் போக முதல், தாதிக்கு முன்னால் ஒருமுறையாவது அவளே பாலூட்டிக் காட்டுவது. தமிழிலும் சிங்களத்திலும் படத்தோடு ஒரு பக்கம். தாதியர் பயிற்சியில் இதைப் புத்தகத்தில் வாசிப்பதோடு விடாமல் கையால் செய்து பழகுவது. ஒரு தாதிக்கு இத்தனை தாய் என்று ஓடுகிற வாட்டில் அந்த அரை மணித்தியாலத்துக்கு இடம் விடுவது. கடைசிதான் கஷ்டம், தெரியும்.

போன மாதம் கிளினிக்கில் அதே தாதி அக்காவைக் கூப்பிட்டா. மூலைக் கட்டிலில் ஒரு தாய், பத்தொன்பது இருபது வயது, பிள்ளையின் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு இருந்தாள். "நான் சொல்றதை விட நீங்க சொன்னா நம்புவா" என்றா தாதி. அக்கா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தாள். பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க சாப்பிட்டிட்டீங்களோ?" என்றுதான் கேட்டாள்.