அலை மாற்றும் பெட்டி

வானொலியைக் கேட்பதோடு நின்றுவிடாமல், தாமே நிலையம் அமைத்து உலகோடு உரையாடுவோர் அமெச்சூர் வானொலியர். 1912ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இயற்றிய சட்டம், 200 மீட்டரும் அதனினும் குறைந்த அலைநீளமும் கொண்ட அலைகளையே இவர்களுக்கு விட்டுவைத்தது. அவ்வலைகள் நெடுந்தொலைவுக்கு உதவா என்பதே அக்காலக் கருத்து. ஆயினும் 1923 நவம்பரில், ஏறத்தாழ 110 மீட்டர் அலையில், பிரான்சின் நீஸ் நகரத்து ஆர்வலர் ஒருவரும் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து ஆர்வலர் ஒருவரும் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிச் செய்தி பரிமாறிக்கொண்டனர். பிறர் பயனற்றதென ஒதுக்கியதைப் பயன்கொள்ளும் வேட்கை, அன்றுமுதல் இம்மரபின் இயல்பாயிற்று.

அவ்வேட்கை பின்னர் மேலும் உயர்ந்த அதிர்வெண்களை நாடியது. ஆனால் பெரும்பாலோர் மேசையில் இருப்பதோ சிற்றலைக் கருவி. புதிய அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் புதிய கருவி வாங்க எத்தனை பேரால் இயலும்? இதற்கு அவர்கள் கண்ட விடையே டிரான்ஸ்வர்ட்டர். இருக்கும் கருவியின் அலையை வேறோர் அலைவரிசைக்கு ஏற்றியும், அங்கிருந்து வரும் அலையை மீண்டும் இறக்கியும் தரும் சிறு பெட்டி அது.

அதன் செயல்முறை எளிது. சிற்றலைக் கருவி 28 மெகா ஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. பெட்டிக்குள் இருக்கும் அலையியற்றி 116 மெகா ஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. இரண்டும் கலக்கும்போது அவற்றின் கூட்டலாகிய 144, கழித்தலாகிய 88 என இரு புதிய அலைகள் பிறக்கின்றன. வடிகட்டி 88ஐத் தடுத்து 144ஐ மட்டும் வெளிவிடுகிறது. கேட்கும்போது, வந்த 144இலிருந்து 116 கழிந்து மீண்டும் 28 கிடைக்கிறது. கூட்டலும் கழித்தலும் அறிந்த எவர்க்கும் இது விளங்கும்.

நுண்ணலைக்கு ஏறும்போதுதான் சோதனை தொடங்குகிறது. 10,368 மெகா ஹெர்ட்ஸை அடைய, 144உடன் 10,224 மெகா ஹெர்ட்ஸைக் கலக்க வேண்டும். இதற்காக 106.5 மெகா ஹெர்ட்ஸ் படிகத்தின் அதிர்வை 96 மடங்காகப் பெருக்குவதுண்டு. அதிர்வு பெருகும்போது பிழையும் உடன்பெருகும். குளிரினால் படிகம் 10 ஹெர்ட்ஸ் விலகினால், முடிவில் அது 960 ஹெர்ட்ஸ் விலகலாகிறது. மறுமுனையில் கேட்பவர்க்குப் பேச்சு விளங்காது. ஆகவே படிகத்தை மாறா வெப்பத்தில் காக்கிறார்கள். இன்று சிலர் செயற்கைக்கோள் வழிவரும் துல்லியமான நேரக்குறிப்புடன் அதனை இணைக்கிறார்கள். அலைநீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவாதலால், கம்பியின் சில மில்லிமீட்டர் மிகுதியும் சுற்றின் இயல்பை மாற்றிவிடும். பெட்டியின் மூடியை மூடினாலே அளவீடு மாறுவதுண்டு. செம்புத் தகட்டின் சிறு துணுக்குகளைப் பலகையில் இங்குமங்கும் நகர்த்தி, உரிய இடம் கண்டு ஒட்டுவதற்குள் மாலைப்பொழுதுகள் பல கழியும்.

இப்பெட்டியின் உறவினர் நம் வீட்டுக் கூரைமேலும் உண்டு. தொலைக்காட்சிக் கிண்ண அலைவாங்கியின் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்னும் உறுப்பு, வானிலிருந்து வரும் நுண்ணலையை இறக்கித் தருகிறது. 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில், அமெச்சூர் வானொலியர்க்கென ஒரு பகுதி உள்ளது. அது அனுப்பும் 10,489.5 மெகா ஹெர்ட்ஸ் அலையிலிருந்து எல்.என்.பி. 9,750ஐக் கழித்து, 739.5 ஆக்கித் தருகிறது. சில எல்.என்.பி.களில் 25 மெகா ஹெர்ட்ஸ் படிகமே 390 மடங்காகப் பெருகி அந்த 9,750 ஆகிறது. ஆர்வலர்கள் அதன் மூடியைத் திறந்து, அப்படிகத்தை நீக்கி, நிலையான அதிர்வை வெளியிலிருந்து ஊட்டுகிறார்கள். சில நூறு ரூபாய்ப் பொருள் அவர்கள் கையில் ஆய்வுக்கருவியாகிவிடுகிறது.

ஒலிபரப்புவதற்கு அரசின் உரிமம் தேவை. அதற்குத் தேர்வும் உண்டு. ஆனால் எந்த உரிமமும் கற்றுத்தராத ஒன்றை இந்தப் பெட்டி கற்றுத்தருகிறது. விலைக்கு வாங்கிய கருவி பழுதானால் அதனைக் கடைக்கு அனுப்பலாம். தாமே செய்த கருவி வாய்திறவாதபோது, படிகமா, வடிகட்டியா, பற்றவைத்த இணைப்பா என ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பதன்றி வேறு வழியில்லை. அவ்வாறு அளந்து அளந்து பிழையைக் களைந்தவர், இரைச்சலினூடே தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்கும்போது, அக்குரல் எவ்வழியே தம்மை வந்தடைந்தது என்பதையும் முழுமையாக அறிந்திருக்கிறார்.