உபின் தீவுக் கல்

ஜோகூர்க் கடற்பாலத்தைக் கடக்கும் நம்மவர் கடவுச்சீட்டைத் தேடுவரேயன்றிக் காலடியிலுள்ள கல்லை எண்ணிப் பாரார். 1919இல் தொடங்கி 1924இல் திறப்பு விழாக் கண்ட அப்பாலத்தின் கல் புக்கித் தீமாவிலிருந்தும் புலாவ் உபின் தீவிலிருந்தும் வந்தது.

கல் சுமையான சரக்கு. தரைவழி ஏற்றினால் வண்டிக்கூலி விலையை விழுங்கிவிடும். கரையோரத்தில் உடைத்துத் தொங்கானில் ஏற்றினாலோ கடலே சுமை தாங்கும். உபின் வாணிபத்தின் இரகசியம் இவ்வளவே. 1851இல் ஒளி வீசத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இத்தீவின் கல்லால் ஆனது. 1855இல் முடிந்த ராபிள்ஸ் விளக்கத்திற்குக் கல் வெட்டியோர் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள்.

ஆங்கிலப் பள்ளியில் நாம் ஹார்ஸ்பர்க் விளக்கத்தை எழுப்பிய தாம்சன் துரையின் பெயரை மனப்பாடம் செய்தோம். கல் வெட்டியோர் பெயர் பாடத்தில் இல்லை. தோட்டக் கிராணியாகிய நமக்கு இது உறுத்துகிறது. செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு வீட்டில் உலை கொதியாது என்பதை நாம் அறிவோம்.

கைதிகளில் சென்னை மாகாணத்தாரும் இருந்தனர். 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவரில், சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் குழைத்து மதராஸ் சுண்ணாம்பு பூசியதும் கைதிகளின் கைகளே. அந்தப் பக்குவத்தை எந்த ஊர்த் தெருவில் கற்றார்களோ!

கான்கிரீட் வந்தபின் உபின் கல் ஜல்லியாக விலைபோயிற்று. கடைசிக் குவாரி 1999இல் மூடப்பட்டது. பள்ளங்களில் நீர் நிற்கிறது; நாரைகள் கூடு கட்டுகின்றன. தோட்டத்து வாலிபர் சிலரை அடுத்த விடுமுறையில் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். படகு சாங்கி முனையில் கிடைக்கும்.