முறுக்கில்லாக் குழல்

வேட்டைத் துப்பாக்கியின் குழலுக்கு எவ்வளவு முறுக்கு, எவ்வளவு நீளம் என்னும் வினாவுக்கு விடை கூறுபவை மூன்று: குண்டு, வேட்டை உயிர், நிலம்.

சுழலும்வரைதான் பம்பரம் நிற்கும்; குண்டும் அத்தகையதே. ரைஃபிள் குழலின் உட்புறத்தில் திருகாக ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழற்றி அனுப்புகின்றன. குண்டு நீளமாக இருப்பின் முறுக்கு நெருக்கமாக வேண்டும். இதற்கு ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் ஒரு வாய்பாடு தந்தார். விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கிக் குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். விட்டம் 0.308 அங்குலம், நீளம் 1.2 அங்குலம் எனில் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, நீளம் 1.4 அங்குலமானால் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழல் நீண்டால் குண்டின் வேகம் கூடும். ஆனால் புதர்க்காட்டில் கிளைகளில் சிக்கும்.

இக்கணக்கை நம் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிக்குக் கொண்டுவந்தால் விடை வேறாகிறது. ஏரிகளும் முந்திரிக்காடுகளும் நிறைந்த இந்நிலத்தில் நரிக்குறவர் நாட்டுத் துப்பாக்கியால் வேட்டையாடியவை கௌதாரி, காடை, முயல் முதலிய சிற்றுயிர்கள். பறக்கும் காடைக்கு ஒற்றைக் குண்டு பயன்படாது, ரவைகளே வேண்டும். முறுக்குக் குழலில் ரவைகளைச் செலுத்தினால் சுழற்சியால் அவை அகலச் சிதறி, நடுவே வெற்றிடம் விழும். ஆதலால் நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. அதில் இடித்து நிரப்பும் கரிமருந்து எரிந்து தன் விசை முழுவதையும் தருவதற்கே குழல் அத்துணை நீளம்.

சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவில், 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கியையும், பயிர்க்காவலுக்கென வாய்வழியே மருந்து நிரப்பும் துப்பாக்கியையும் தனித்துக் குறிப்பிடுகிறது.

பின்னர் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைக் குற்றமாக்கின. 1999இல் கரைவெட்டி ஏரி பறவைகள் காப்பகமாயிற்று. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் அங்கே அச்சமின்றி இறங்குகின்றன. இது நன்மையே, இதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. நரிக்குறவர் 2023இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகக் குரலாலும் தடத்தாலும் பறவையையும் விலங்கையும் அறிந்தவர்கள் அவர்கள். துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்ன நாம், அந்த அறிவையும் உடன் புதைத்துவிடலாகாது. காப்பகங்களில் பறவை கணக்கெடுக்கவும் வழிகாட்டவும் அவர்களை அழைப்பது நம் கடன்.