இடைவெளி தேடும் ஜாக்கிகள்

அமெரிக்காவின் லூயிவில் நகரில், சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் நடக்கும் கென்டக்கி டெர்பி நெரிசலுக்குப் பேர்போன குதிரைப் பந்தயம். தூரம் சுமார் 2,000 மீட்டர். அந்த நாட்டில் மற்றப் பந்தயங்களில் பெரும்பாலும் 14 குதிரைகளுக்கு மேல் இறங்குவதில்லை. டெர்பியில் 20 வரை இறங்கும். அத்தனையும் மூன்று வயதுக் குதிரைகள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஓடிப் பழகியவை அவற்றில் இல்லை என்றே சொல்லலாம். 1974இல் 23 குதிரைகள் ஓடி முட்டிமோதிய பிறகுதான் 20 என்ற வரம்பு வந்தது.

கேட் திறந்த மறுநொடியே தொல்லை தொடங்கிவிடும். வெளிப்பக்கக் குதிரைகள் எல்லாம் உள்வேலியை நோக்கிச் சாய, வேலியோரக் குதிரை இறுக்கப்படும். கேட்டில் வேலியோரம் இருக்கும் ஒன்றாம் எண் பெட்டியை ஜாக்கிகள் விரும்பாததற்கு இதுவே காரணம். அதிலிருந்து புறப்பட்டுக் கடைசியாக வென்றது 1986இல் ஓடிய ஃபெர்டினாண்ட். அதுவும் தொடக்கத்தில் நசுக்கப்பட்டுக் கடைசிக்குப் போனதுதான். 54 வயது ஜாக்கி பில் ஷூமேக்கர் பொறுமையாகக் காத்திருந்து, கடைசி நேர்பாதையில் கிடைத்த ஒரு சந்தில் அதை நுழைத்தார்.

இறுக்கத்துக்குப் பயந்து வெளியே ஓடினாலும் இழப்பு உண்டு; அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அரைவட்ட வளைவில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடும் குதிரை மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தைக் கூடுதலாக ஓட வேண்டும். டெர்பியில் வளைவுகள் இரண்டு. நான்கு மீட்டர் வெளியே ஓடினால் 25 மீட்டர் கூடுதல், அதாவது ஏறக்குறைய பத்துக் குதிரை நீளம். ஒரு நீளத்துக்கும் குறைவான இடைவெளியில் முடிவாகும் பந்தயங்கள் எத்தனையோ!

உள்ளே மாட்டிக்கொள்வது வேறு வகை வேதனை. முன்னே ஒரு சுவர், பக்கத்தில் இன்னொன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அரை டன் உடம்பைக் கடிவாளத்தால் இழுத்துப் பிடித்தால் பாய்ச்சலின் தாளம் உடைகிறது. இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்கச் செலவாகும் சக்தி கடைசி 200 மீட்டரில் இருக்காது. நீண்ட எட்டு வைக்கும் பெரிய குதிரைக்கு இது கூடுதல் கஷ்டம். சின்ன உடம்புக் குதிரை சட்டென்று மறுபடி கிளம்பிவிடும். பின்னால் ஓடுவதில் காற்றின் எதிர்ப்பு குறையும் என்ற லாபமும் உண்டு. ஆனால் முன்குதிரைகளின் குளம்புகள் வீசும் மண் முகத்தில் அறையும்போது, பழகாத குதிரை தலையைத் தூக்கி ஓட்டத்தை விட்டுக்கொடுக்கும். ஜாக்கிகள் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மண் அப்பியதைக் கீழே இழுத்துவிட்டபடியே ஓட்டுகிறார்கள். குதிரைக்கு அந்த வசதி கிடையாது.

நல்ல ஜாக்கி, அடைத்து நிற்கும் குதிரை எப்போது களைத்து வேலியை விட்டு விலகும் என்று முன்கூட்டியே ஊகிப்பவர். கால்வின் போரெல் இதில் கைதேர்ந்தவர். 2009இல், புறப்படும்போதே இடிபட்டுக் கடைசியில் கிடந்த மைன் தட் பேர்டை வேலியோரமாகவே கொண்டுவந்து ஆறே முக்கால் நீளத்தில் வென்றார். 2022இல் 20ஆம் பெட்டியிலிருந்து கிளம்பிய ரிச் ஸ்ட்ரைக்கை சன்னி லியோன் கூட்டத்துக்குள் வளைத்து வளைத்து ஓட்டி ஜெயித்தார். அதன் மேல் இருந்த பந்தய விலை ஒன்றுக்கு எண்பது.

வழியை மறித்தால் தண்டனை உண்டு. 2019இல் முதலில் வந்த மேக்ஸிமம் செக்யூரிட்டி, வளைவில் வெளிப்பக்கம் விலகி மற்றக் குதிரைகளைத் தடுத்ததாகப் பந்தய நடுவர்களான ஸ்டீவர்டுகள் சுமார் 22 நிமிடம் படம் பார்த்துத் தீர்ப்பளித்தார்கள். அது 17ஆம் இடத்துக்கு இறக்கப்பட்டது. வெற்றி கண்ட்ரி ஹவுஸுக்குப் போனது.

பந்தயக் குறிப்பில் ‘தடைபட்டது’ என்று எழுதியிருந்தால், தோற்ற குதிரையை ரசிகர்கள் தாராளமாக மன்னித்துவிடுகிறார்கள். பாதிதான் நியாயம். கேட்டிலிருந்து சோம்பலாகக் கிளம்பும் குதிரைக்கு நெரிசல் விதியல்ல, சுபாவம். அடுத்த முறையும் அது அங்கேதான் நிற்கும். நெரிசல் குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. டெர்பிக்குப் பிறகு எட்டே குதிரைகள் ஓடிய பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் ரிச் ஸ்ட்ரைக் ஆறாவதாக வந்தது.