ரோட்டில் ஓடாத வண்டி

மாருதி 800-ன் எஞ்சின் 796 சிசி. மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன், 59 நியூட்டன் மீட்டர் டார்க். அதே மாருதி 2017-ல் பலேனோ ஆர்எஸ் என்று ஒரு காரை விட்டது. அதிலிருந்த பூஸ்டர்ஜெட் எஞ்சினுக்கும் மூன்று சிலிண்டர்தான், 998 சிசி. வித்தியாசம் 202 சிசி, கிட்டத்தட்ட ஒரு டம்ளர் தண்ணீர். ஆனால் அது தருவது சுமார் 100 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர்.

கூடுதலாக வந்த அந்த ஒரு டம்ளரால் மட்டும் இது முடியாது. மிச்சத்தைச் செய்வது டர்போ. சிலிண்டருக்குள் பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் தெளிக்கலாம். எரிப்பதற்குக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தன்னால் முடிந்த மூச்சை இழுத்துக்கொள்ளும். டர்போவோ, சைலன்சர் வழியாகச் சும்மா போகிற புகையை வைத்து ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவிடுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். அமுக்கிய காற்று சூடாகும். சூடான காற்று விரியும். அதனால் நடுவில் இன்டர்கூலர் வைத்து ஆற்றி அனுப்ப வேண்டும். இதையெல்லாம் நான் காலேஜில் படித்தேன், பரிட்சையும் எழுதினேன். கையில் தொட்டது 2023-ல்தான்.

எங்கள் வீட்டு 800, 2003 மாடல், அப்பா பெயரில் இருக்கிறது. பதினைந்து வருஷம் முடிந்து 2018-ல் ஆர்சியை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தோம். 2023-ல் அதுவும் முடிய வந்தது. அப்பாவுக்குக் கண்ணில் பிரச்சினை வந்து ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். கோயமுத்தூர் வீட்டு ஷெட்டில் வண்டி மூடாக்குப் போட்டு நின்றது. புதுப்பிக்க வேண்டாம், இதில் டர்போ எஞ்சின் ஏற்றலாம் என்று அவரிடம் சொன்னேன்.

ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சியில் இருப்பதற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்னொரு மாடலின் டர்போ எஞ்சினை வைத்துவிட்டு ஆர்டிஓ ஆபீஸில் போய் நிற்க முடியாது. இன்சூரன்ஸும் கைகொடுக்காது. இனி அது ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும். அங்கேயும் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் போகும்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ரோட்ல ஓட்ட முடியாத வண்டி எதுக்குக் கண்ணு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஆர்சி முடியும் நாள் வந்தது, போனது. சாவியைக் கொண்டுவந்து டேபிளில் வைத்தார்.

இந்த மாதிரி வேலைக்கு எஞ்சினை மட்டும் வாங்கக் கூடாது, முழுக் காரை வாங்க வேண்டும் என்பது மெக்கானிக் அண்ணன் சொன்ன முதல் பாடம். பின்னால் லாரி இடித்து நசுங்கிய ஒரு பலேனோ ஆர்எஸ் கிடைத்தது. அதிகம் விற்காத மாடல் என்பதால் அதற்கே பல மாதம் காத்திருந்தோம். பின்பக்கம் அப்பளம், முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயரிங், ஈசியூ, ஆக்சிலரேட்டர் பெடல், மீட்டர், சாவி எல்லாம் அதிலிருந்து வந்தன.

ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டி 800-ன் எஞ்சினைத் தூக்கியது ஒரு காலை வேலை. புதியதை இறக்கி உட்கார வைக்க நான்கு மாதம் ஆனது. 800-க்குத் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து வெல்டு அடித்த கூடுதான் முழு வண்டியும். எஞ்சின் மவுண்டிங் பிடிக்கிற இடம்கூட 59 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அங்கே இரண்டரை மடங்கு முறுக்கு வந்தால் தகடு கிழியும். முதலில் உள்பக்கம் தடித்த தகடு வைத்து வெல்டு அடித்தோம். அப்புறம் ரேடியேட்டர் பத்தவில்லை. பெரிய ரேடியேட்டர் வைத்தால் இன்டர்கூலருக்கு இடம் இல்லை. இன்டர்கூலரை முன்னால் தள்ளினால் பம்பரை வெட்ட வேண்டும். எஞ்சின் பெரிதான அன்றைக்கே வண்டியில் மற்ற எல்லாமே சின்னதாகிவிட்டது.

எனக்குப் புரிய ஆரம்பித்தது அப்போதுதான். 37 குதிரைத்திறன் என்று இத்தனை வருஷம் கிண்டல் செய்த வண்டியில், ஒவ்வொரு பாகமும் இன்னொன்றுக்கு எவ்வளவு சுமையைக் கொடுக்கலாம் என்று யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 650 கிலோ எடை, 12 அங்குல சக்கரம், கட்டைவிரல் தடிமன் ஷாஃப்ட், எதிலும் ஒரு கிராம்கூட ஆடம்பரம் இல்லை. அதில் ஒன்றை மாற்றினால் மற்றவை எல்லாம் வரிசையாக வந்து கேள்வி கேட்கின்றன. ஆபீஸில் இதை டிபென்டென்சி என்போம். ஸ்கிரீனில் சிவப்பு எழுத்தில் வரும். இங்கே தகடு கிழியும்.

ஷாஃப்ட் விஷயத்தில்தான் அப்பா உள்ளே வந்தார். கியர்பாக்ஸ் பலேனோவுடையது, சக்கரம் பூட்டுகிற ஹப் வேறொன்று. இரண்டையும் இணைக்கிற ஷாஃப்ட் எந்தக் கடையிலும் கிடைக்காது. முதல் கியரில் எஞ்சினின் டார்க் பத்து மடங்குக்கும் மேல் பெருகித்தான் அங்கே வந்து சேருகிறது. நானும் அண்ணனும் பழையதை வெட்டி ஒட்டலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்பா நாற்பது வருஷம் டர்னர். கேட்டுக்கொண்டே வந்தவர், "ஒட்டுன ஷாஃப்ட்டப் போட்டு ஓட்டப் போறியா? வெல்டு பக்கத்துலயே முறிஞ்சு போயிரும்" என்றார். அடுத்த வாரம் இஎன்24 உருக்குக் கம்பி இரண்டு வந்து இறங்கியது.

அவருக்குப் பார்வை குறைவு. மைக்ரோமீட்டரை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். கம்பியில் நகத்தை வைத்து இழுத்து, "இன்னும் ரெண்டு பாயிண்ட் நிக்குது பாரு" என்பார். நான் அளந்தால் சரியாக இருக்கும். பல் வெட்டுவதற்கும் ஹீட் ட்ரீட்மென்டுக்கும் வெளியே கொடுத்தோம். திரும்பி வந்ததும் இரண்டு சென்டருக்கு நடுவில் மாட்டி, டயல் வைத்து, கோட்டம் பார்த்து வாங்கினார். கடைந்து பிழைத்த ஊரில் இது பெரிய வித்தை இல்லை என்பது அவருடைய எண்ணம். எனக்கு அவர் வேலை செய்வதை அவ்வளவு நேரம் பக்கத்தில் நின்று பார்த்தது அதுவே முதல் தடவை. சின்ன வயதில் பட்டறைப் பக்கம் வந்தாலே, போய்ப் படி என்று விரட்டிவிடுவார்.

ஒயரிங் என் பங்கு. பழைய எஞ்சினுக்குப் பெட்ரோல், ஸ்பார்க், காற்று மூன்றும் இருந்தால் ஓடிவிடும். புதியதற்கு நம்பிக்கையும் வேண்டும். சாவிக்குள் இருக்கிற சிப்பும் ஈசியூவும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டால்தான் பெட்ரோலையே விடும். ஆக்சிலரேட்டரில் கேபிள் கிடையாது; பெடலில் இரண்டு சென்சார், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பவரைக் குறைத்துவிடும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற எஞ்சின் என்பதால், வெளியில் விற்கும் சாதாரண ஈசியூவை மாட்டித் தப்பிக்கவும் வழியில்லை. முழுக் காரை வாங்கச் சொன்னதன் அருமை அப்போது தெரிந்தது. ஆறு வாரம், சனி ஞாயிறு எல்லாம், ஷெட்டில் பாய் விரித்து ஒயர்களைப் பரப்பி, வேண்டாததை ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். கடைசியில் சாவி போட்டதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு, அந்த விளக்கு, இந்த விளக்கு என்று பாதி மீட்டர் எரிந்தது. ஆனால் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஓடுகிற வண்டியை நிறுத்த வேண்டும் என்பது அடுத்தது. வேகம் கூடினால் வண்டியின் ஆற்றல் அதன் வர்க்கமாகக் கூடும். நூறில் போவதை நிறுத்துவதைவிட நூற்று நாற்பதில் போவதை நிறுத்த பிரேக் இரண்டு மடங்கு சூட்டை விழுங்க வேண்டும். 13 அங்குல சக்கரம், அதற்குள் அடங்குகிற பெரிய டிஸ்க், அதைத் தாங்க புது ஹப். எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது 710 கிலோ. மொத்தச் செலவில் அந்த நசுங்கிய கார் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இந்த ஊர்க்காரரான எஸ். கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கட்டினார். பணக்காரர் மட்டும் தொட முடிந்த விளையாட்டில் அது ஒரு மலிவான கதவைத் திறந்தது. 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் ஓட்டித்தான் தொடங்கினார். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் டிராக்குக்கு அவர் பெயர்தான். நாங்கள் சின்னது என்று கழற்றி வைத்த எஞ்சினின் வம்சம் அது.

அந்த டிராக்குக்குத்தான் வண்டியைக் கொண்டுபோனோம். டெம்போவில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி. இரண்டாவது கியரில் மிதித்தால் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது. அப்புறம் டர்போ பிடிக்கும், ஸ்டியரிங் கையைவிட்டு ஒரு பக்கம் இழுக்கும். பயமாகத்தான் இருந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக்கில் கால் வைத்து, அது நின்று கொடுத்தபோது வந்த நிம்மதி, வேகத்தில் வந்த சந்தோஷத்தைவிடப் பெரிது.

மத்தியானம் அப்பாவுக்கு ஹெல்மெட் மாட்டி இடது சீட்டில் உட்கார வைத்து இரண்டு சுற்று போனேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, கீழே எதையோ கேட்டுக்கொண்டு வந்தார். இறங்கியதும் எல்லாரும் எப்படி இருந்தது என்று கேட்டார்கள்.

"சோத்தாங்கைப் பக்க ஷாஃப்ட்ல லேசா ஒரு அதிர்வு இருக்குது" என்றார். "ஞாயித்துக்கெழம கழட்டிக் குடு. சென்டர்ல போட்டுப் பாக்கலாம்."