சிட்னியா, மெல்பர்னா? ஒரு பொட்டிதட்டியின் குழப்பம்

மெல்பர்ன்ல இருக்கேன்னு ஊர்ல யார்கிட்ட சொன்னாலும் அடுத்த கேள்வி, "அந்த ஓபரா ஹவுஸ் பக்கத்துலயா தம்பி?" தான். "இல்லண்ணே, அது சிட்னி. இங்கேருந்து கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர்"னு சொன்னா அவங்க முகம் லேசா வாடிப் போகும். என்னமோ நான் வேணும்னே தப்பான ஊருக்கு டிக்கெட் எடுத்த மாதிரி :-)

இதை எழுத ஒரு காரணம் இருக்கு மக்களே. நான் ஆணி புடுங்குற கம்பெனியில, சிட்னி ஆபீசுக்கு மாறுறியான்னு கேக்கறாங்க. சம்பளம் கொஞ்சம் கூட. தங்கமணிக்கோ வேலை இங்கே. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். அதான் ரெண்டு ஊரையும் தராசுல வெச்சுப் பாத்தேன்.

முதல்ல பேரும் புகழும். இதுல சிட்னிகிட்ட யாரும் நெருங்க முடியாது. 1932ல பாலம், 1973ல ஓபரா ஹவுஸ், 2000ல ஒலிம்பிக்ஸ். ஓபரா ஹவுஸ் கதை நம்ம துறைக்காரங்க எல்லாரும் படிக்க வேண்டியது. எஸ்டிமேட் 7 மில்லியன் டாலர், முடியும்போது 102 மில்லியன்! பத்து வருஷம் லேட். டிசைன் பண்ண டென்மார்க்காரர் யோர்ன் உட்சன் 1966லயே சண்டை போட்டுட்டு வெளியேறிட்டார். கட்டி முடிச்ச கட்டடத்தை நேர்ல பாக்காமலேயே 2008ல இறந்தும் போனார். நம்ம ப்ராஜெக்ட் மேனேஜர் யாராவது அங்கே இருந்திருந்தா அன்னிக்கே இழுத்து மூடியிருப்பாங்க. உலகத்துக்கு ஒரு அடையாளமும் போயிருக்கும்.

மெல்பர்ன் மட்டும் இளைச்சதா? 1851ல தங்கம் கிடைச்சதுல பணத்துல மிதந்த ஊரு. 1877ல உலகத்தோட முதல் டெஸ்ட் மேட்ச் நடந்தது இங்கேதான். ஒலிம்பிக்ஸ் சிட்னிக்கு முன்னாடியே, 1956ல வந்தாச்சு. தலைநகர் யாருங்கற சண்டையில ரெண்டு ஊரும் விட்டுக்கொடுக்கலை. கடைசியில அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்சாங்க: தலைநகர் சிட்னி இருக்கற மாநிலத்துல இருக்கணும், ஆனா சிட்னியிலேருந்து குறைஞ்சது நூறு மைல் தள்ளி இருக்கணும். அப்படிப் பொறந்ததுதான் கான்பெரா. அதுவரைக்கும், 1901லேருந்து 1927 வரை, பார்லிமெண்ட் கூடினது மெல்பர்ன்ல.

அடுத்து ரேங்க் லிஸ்ட். எகனாமிஸ்ட் குழுமத்தோட ஆய்வுப் பிரிவு வருஷா வருஷம் வெளியிடுற 'வாழ உகந்த நகரங்கள்' பட்டியல்ல 2011லேருந்து 2017 வரை ஏழு வருஷம் மெல்பர்ன் தான் முதல் ரேங்க். 2017ல மெல்பர்ன் 97.5, வியன்னா 97.4. ஆமா, ஒரு தசமப் புள்ளி வித்தியாசம்தான்! 2018ல வியன்னா முந்திடுச்சு. 2025 பட்டியல்ல கோபன்ஹேகன் முதலிடம், மெல்பர்ன் 4, சிட்னி 6.

இந்த மார்க்கை எப்படிப் போடறாங்கன்னு பாத்தா தான் சுவாரஸ்யம். அமைதி, பாதுகாப்புக்கு 25, பண்பாடு சுற்றுச்சூழலுக்கு 25, மருத்துவத்துக்கு 20, சாலை, ரயில் மாதிரி கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. வாடகை? அந்தக் கணக்குலயே இல்லை! ஏன்னா, கம்பெனிங்க ஆளுங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு 'கஷ்டப்படி' குடுக்கணும்னு முடிவு பண்ண இந்த மார்க் உதவுது. 80க்கு மேல வாங்கின ஊருன்னா படி பூஜ்யம். 50, அதுக்கும் கீழேன்னா சம்பளத்துல 20 சதவீதம் சேத்துக் குடுக்கலாம்னு பரிந்துரை. அதாவது இது ஹெச்.ஆர். மேஜையில இருக்கற அட்டவணை. அதை நாம ஊரோட ஜாதகம்னு நெனச்சு பெருமைப்பட்டுக்கறோம்.

சிட்னியில நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கறது டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம். துறைமுகத்துலேருந்து முப்பது கிலோமீட்டர் போல மேற்கே. அங்கே இருக்கற நண்பன் ஒருத்தன் ஓபரா ஹவுசைப் பாக்கறது ஊர்லேருந்து விருந்தாளி வந்தா மட்டும்தான். நானும் அப்படித்தான். மெல்பர்ன் டிராம் உலகத்துலயே பெரிய நெட்வொர்க், ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஆனா நான் இருக்கற டாண்டனாங் பக்கம் ஒரு டிராமும் வராது, ரயில்தான்.

ஆக, ஒரு ஊரோட பேரு அங்கே இல்லாதவங்களுக்கானது. ரேங்க், ஆள் அனுப்பறவங்களுக்கானது. இருக்கறவனுக்கு வேற லிஸ்ட் இருக்கு. தங்கமணி ஆபீசுக்கு எத்தனை நிமிஷம்? முருங்கைக்காய் எந்தக் கடையில? நடுராத்திரி காய்ச்சல்னா எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம்? கடைசிக் கேள்விக்கு எனக்கு இங்கே மூணு வீடு இருக்கு. அது சேர நாலு வருஷம் ஆச்சு. சிட்னியில கூட வர்ற சம்பளத்தை அங்கத்த வாடகையே முழுங்கிடும்.

"சிட்னின்னா சொல்லிக்க நல்லா இருக்கும்ல"ன்னு அப்பா மட்டும் இழுத்தார். காலைல அஞ்சு மணிக்கு என்னை எழுப்பி உக்கார வெச்சு பாக்ஸிங் டே டெஸ்ட் பாத்த மனுஷன். "அது நடக்கறது இங்கேதான்பா, வாங்க, நேர்லயே பாக்கலாம்"னேன். அப்புறம் பேச்சில்லை.

வரலைன்னு நேத்து மெயில் அனுப்பிட்டேன்.

டிஸ்கி: சிட்னி மக்கள் கோச்சுக்கக் கூடாது. உங்க பீச்சுக்கு முன்னாடி எங்க பீச் ஒண்ணுமே இல்லை, ஒத்துக்கறேன். உங்க லிஸ்ட்ல முதல்ல என்ன இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க.