அப்பாவோட காது ஓட்டை

மல்லாட்டை, மாடு, மழைன்னு எழுதிக்கிட்டு இருந்தவன் இன்னிக்குக் கம்ப்யூட்டர் படத்தைப் பத்தி எழுதறேன். பத்து நாளா ராத்திரியில அதைத்தான் நோண்டிக்கிட்டு இருந்தேன், அதான்.

வர்ற ஆடியோட அப்பா போயி ஒரு வருஷம். தெவசத்துக்குப் படையல் போட வீட்டுல ஒழுங்கா ஒரு போட்டோ கிடையாது. அப்பா கேமராவைப் பாத்தாலே நகர்ந்துடற ஆளு. கருமாதிக்கு டவுன்ல ஒரு கடையில பேனர் அடிச்சோம். பின்னாடி நம்ம மலை, உச்சியில தீபம், தலையைச் சுத்தி ஒளிவட்டம், நாலு புறமும் ரோஜாப்பூ. மூஞ்சி மட்டும் மாவு பூசின மாதிரி வழவழன்னு இருந்தது. வெயில்ல அறுபது வருஷம் நின்ன மனுஷனை ரெண்டு நிமிஷத்துல சிவப்பாக்கிட்டாங்க. அன்னிக்கு இருந்த நிலைமையில யாரும் ஒண்ணும் சொல்லல. பேனர் இப்ப வைக்கோல் போர் மேல கிடக்கு.

இந்தத் தடவை நானே பண்ணிக்கலாம்னு முடிவு பண்ணேன். 2009-ல சொந்தக்காரங்க கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோல ஓரமா அப்பா நிக்கறாரு. அதை ஸ்கேன் பண்ணி, அக்கா பையன் லேப்டாப்புல கிம்ப்னு ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்தான். போட்டோஷாப் மாதிரிதான், ஆனா காசு கிடையாது. 1995 வாக்கில அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல படிச்ச ரெண்டு பசங்க எழுத ஆரம்பிச்சதாம். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அது போதும்.

"மாமா, தாத்தாவை அப்படியே பெயிண்டிங் ஆக்கிடலாம்"னான். ஃபில்டர்ஸ்ல ஆர்ட்டிஸ்டிக், அதுக்குள்ள ஆயில்ஃபை. அழுத்தினதும் கல்யாண மண்டபத்து டியூப்லைட் வெளிச்சம் எல்லாம் போயி, தூரிகையில இழுத்த மாதிரி அழகா வந்துச்சு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாத்தாங்க. "நல்லாத்தான் கீது. யாருடா இது?"

"அப்பாம்மா."

"காதுல ஓட்டை எங்க?"

பாத்தேன். இல்ல. இடது புருவத்துல கவலை இறைக்கறப்ப வடம் அறுந்து அடிச்ச தழும்பு இருக்கும், அதுவும் இல்ல. கல்யாணத்துக்குப் போட்ட கடுக்கனை, கிணறு ஆழப்படுத்தின வருஷம் அப்பா வித்துட்டாரு. அப்புறம் வாங்கவே இல்ல. மாட்டிக்கச் சொன்னா "ஓட்டை இருக்கட்டும், தண்ணி இருக்குல்ல"ம்பாரு. அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் நாங்க மூணு பேரும் படிச்சோம். அம்மாவுக்கு அந்த ஓட்டைதான் அப்பா.

ஏன் அழிஞ்சுதுன்னு ராத்திரி உக்காந்து படிச்சுப் பாத்தேன். கம்ப்யூட்டருக்குப் படம்ங்கறது வெறும் புள்ளிங்க. இந்த எஃபெக்ட் ஒவ்வொரு புள்ளியையும் சுத்தி ஒரு சின்ன எல்லை போட்டு, அதுக்குள்ள எந்த அளவு வெளிச்சம் அதிகப் புள்ளியில இருக்குன்னு எண்ணுது. எது அதிகமோ அந்த நிறத்தையே நடுப்புள்ளிக்குக் கொடுத்துடுது. பஞ்சாயத்துத் தேர்தல் மாதிரி. பக்கத்துப் பக்கத்துல ஒரே நிறம் திட்டுத்திட்டா நிக்கறதாலதான் பெயிண்டிங் மாதிரி தெரியுது. காது மடலுக்கு முப்பது ஓட்டு, ஓட்டைக்கு நாலு ஓட்டு. டெபாசிட் போயிடுச்சு. எல்லையைப் பெருசாக்கினா ஓவியம் மாதிரி இன்னும் நல்லா வரும், ஆளு இன்னும் கொஞ்சம் காணாமப் போவாரு.

இது புதுசா வந்த வியாதியும் இல்ல. ஃபிலிம் காலத்துல ஸ்டுடியோவுல நெகட்டிவ் மேல பென்சிலால டச்சிங் பண்ணுவாங்க. நெகட்டிவ்ல தீட்டின இடம் பிரிண்ட்ல வெளுப்பா வரும், சுருக்கம் போயிடும். அதுக்கும் முன்னாடி போட்டோ மேலயே வர்ணம் பூசினாங்க. ஆனா கையால பண்றவன் எந்தத் தழும்பை விடணும்னு வீட்டுல ஒரு வார்த்தை கேக்கலாம். ஃபில்டர் கேக்காது.

கிரிவலப் பாதையில டீக்கடைக்கு டீக்கடை ரமணர் படம் மாட்டியிருக்கும், பாத்திருப்பீங்க. மார்பளவு, கறுப்பு வெள்ளை. 1946-ல பெங்களூர் போட்டோகிராபர் வெல்லிங் எடுத்தது. தாடியில ஒவ்வொரு வெள்ளை முடியும் தெரியும். 1950 ஏப்ரல்ல ரமணர் மறைஞ்சப்ப ஆசிரமத்துல இருந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியர்-ப்ரெஸ்ஸானுக்கு, எடுத்த படத்துல ஓரத்தை வெட்டறதே பிடிக்காதாம். நான் அவ்வளவு கறாரான ஆளு இல்ல. மண்டபத்து நாற்காலியும் பக்கத்துல நிக்கறவரு முழங்கையும் படையல்ல எதுக்கு? எஃபெக்டே வேணாம்னும் தோணல. அம்மாவுக்கே அந்த நிறம் பிடிச்சுத்தான் இருந்தது.

கடைசியில வழி சுலபமாத்தான் இருந்தது. படத்தை ரெண்டு லேயரா வெச்சுக்கணும். கீழ அசல், மேல ஆயில்ஃபை பண்ணினது. மேல் லேயருக்கு வெள்ளை மாஸ்க் போட்டு, வேணும்ங்கற இடத்துல கறுப்பு பிரஷ்ஷால தேய்ச்சா அங்க மட்டும் கீழ இருக்கற அசல் தெரியும். கண்ணை அழிச்சேன், புருவத்தை அழிச்சேன், காதை அழிச்சேன். அழிக்க அழிக்க அப்பா வந்தாரு. பிரஷ் ஓரம் மெத்துனு இருக்கணும், இல்லன்னா ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரியும். எனக்கு மூணு ராத்திரி ஆச்சு. களை எடுக்கற வேலைதான், குனியாம எடுக்கறோம், அவ்வளவுதான்.

அம்மா இந்தத் தடவை யாருன்னு கேக்கல. "சட்டையில மேல் பட்டன் போட்டிருக்காரே, எப்பவும் போடமாட்டாரே"ன்னாங்க. அது அசல்லயே அப்படித்தான், கல்யாணத்துக்குப் போனவரு. விட்டுட்டேன்.

பிரிண்ட் போட்டுச் சட்டம் அடிச்சாச்சு. நேத்து வந்த சித்தப்பா அரைமணி நேரம் அதையே பாத்துட்டு, தனக்கும் ஒண்ணு இப்பவே பண்ணி வெச்சுடச் சொல்லியிருக்காரு. அவருக்கு மட்டும் தலைமுடி கறுப்பா வேணுமாம்.